பக்கத்துப் பூங்காவில் வலசைப் பறவைகள்: இரண்டு வாரம் போயும் ஏன் ஒன்றும் தென்படவில்லை?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். புரட்டாசி பிறந்ததிலிருந்து இரண்டு வாரமாக, சென்னையில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குக் காலை ஏழரை மணிக்குப் பைனாகுலரோடு போகிறீர்கள். காகம், மைனா, புறா, கிளி, அணில் தவிர எதுவும் தென்படவில்லை. வலசைப் பறவை பார்க்க வேண்டுமானால் பள்ளிக்கரணைக்கோ வேடந்தாங்கலுக்கோதான் போக வேண்டுமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. ஊருக்கு நடுவே உள்ள பூங்காவுக்கு அவை வருமா என்பது ஒன்று. வந்தால் ஏன் என் கண்ணில் படவில்லை என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் ஒரே சொல்: வரும். இரண்டாவதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

வலசை என்றதும் நமக்குக் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. வேடந்தாங்கலில் மரத்தையே மூடிக்கொண்டு நிற்கும் நாரைகளும் கூழைக்கடாக்களும் அப்படிப் பழக்கிவிட்டன. அவை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை, சைபீரியாவிலிருந்து வந்தவை என்று ஆண்டுதோறும் யாராவது எழுதிவிடுகிறார்கள். அங்கே கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டிலேயே இருப்பவை. மழையையும் ஏரித் தண்ணீரையும் பார்த்து இடம் மாறி, குஞ்சு பொரிக்க வருகின்றன. பூங்காவுக்கு வரும் வலசைப் பறவைகளின் கதை நேர் எதிர். அவை வடக்கே குஞ்சு பொரித்து முடித்துவிட்டு, குளிர்காலத்தைத் தள்ள இரை தேடி வருபவை. பெரும்பாலும் தனியாளாக இருக்கும். இங்கே துணை தேடுவதில்லை என்பதால் அதிகம் பாடுவதும் இல்லை. சிட்டுக்குருவி அளவு உடம்பு, மங்கிய நிறம், எப்போதாவது ஒரு ஒற்றைக் குரல். நடைப்பயிற்சிப் பாதையில் சுற்றிவரும் ஆளுக்கு இது எப்படித் தெரியும்?

எது, எப்போது வரும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆகஸ்டு கடைசியிலிருந்தே சாம்பல் வாலாட்டியும் பழுப்புக் கீச்சானும் வரத் தொடங்கும். செப்டம்பர் நடுவிலிருந்து கொடிக்கால் வாலாட்டி, பழுப்பு ஈப்பிடிப்பான், நாணல் கதிர்க்குருவி, பச்சைக் கதிர்க்குருவி, கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான். செப்டம்பர் கடைசி, அக்டோபரில் நீலவால் பஞ்சுருட்டான், அரசவால் ஈப்பிடிப்பான், மாங்குயில், செந்தலைப் பூங்குருவி, எல்லாரும் காத்திருக்கும் ஆறுமணிக்குருவி. அத்திப்பழமோ ஆலம்பழமோ பழுத்திருந்தால் பிறகு சூறைக்குருவிக் கூட்டமும் வரலாம். ஆண்டுக்கு ஆண்டு ஒரு வாரம், இரண்டு வாரம் முன்பின் ஆகும். தேதி குறித்துக்கொண்டு காத்திருக்க முடியாது. நீங்கள் போனது செப்டம்பர் இரண்டாம் பாதி. அதனால் உங்கள் பட்டியல் வெறுமையாக இருந்ததில் கொஞ்சம் பங்கு நாட்காட்டிக்கும் உண்டு. மீதிப் பங்கு இடத்துக்கும் நேரத்துக்கும்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நம் பூங்காக்களில் அழகு என்றால் கூட்டிப் பெருக்கிய தரை, கத்தரித்த புல், வண்ணம் அடித்த செங்கல் விளிம்பு. பறவைக்கு இதில் ஒன்றுமே இல்லை. ஆறுமணிக்குருவி, கொடிக்கால் வாலாட்டி, பூங்குருவி மூன்றுக்கும் சாப்பாடு விழுந்த இலைக்கு அடியில்தான் இருக்கிறது: மண்புழு, வண்டுப் புழு, எறும்பு, சிலந்தி, சின்ன நத்தை. ஆகவே பூங்காவுக்குள் போனதும் துடைப்பம் படாத மூலை எது என்று தேடுங்கள். தோட்டக்காரர்கள் சருகைக் குவிக்கும் இடம், பம்ப் அறைக்குப் பின்னால், சுற்றுச்சுவரை ஒட்டி மூங்கிலோ புதரோ அடர்ந்த பகுதி, கழிவறைக் குழாய் கசிந்து எப்போதும் ஈரமாக இருக்கும் தரை. மேலே ஆல், நாவல், புங்கை, தூங்குமூஞ்சி போன்ற பெரிய மரத்தின் நிழல், கீழே நாலு விரல் கனத்துக்குச் சருகு, பக்கத்தில் ஒளிந்துகொள்ள ஒரு புதர். இந்த மூன்றும் சேர்ந்த இருபதடிச் சதுரம் கிடைத்தால், மற்ற பூங்காவை நடப்பவர்களுக்கு விட்டுவிடலாம்.

கிண்டி தேசியப் பூங்காவும் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டமும் இந்த விஷயத்தில் பெயர் பெற்றதற்குக் காரணம் இதுவே. கிண்டி மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். 1978-இல் தேசியப் பூங்காவானது. உட்பகுதிக்கு அனுமதி வேண்டும், சிறுவர் பூங்காப் பகுதிக்கு டிக்கெட் எடுத்துப் போகலாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஏகப்பட்ட மரங்களைச் சாய்த்த பிறகும், அங்கே சருகு சருகாகவே கிடக்க விடப்படுகிறது. உங்கள் பூங்கா நாலு ஏக்கராக இருந்தாலும் பரவாயில்லை. இரவெல்லாம் பறந்து வந்து விடியலில் இறங்கும் பறவைக்குக் கட்டடக் கடலுக்கு நடுவே தெரியும் பச்சைத் திட்டு அதுதான்.

அடுத்தது நேரம். அக்டோபரில் சென்னையில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஆறு மணி. மறைவது ஆறுக்குச் சில நிமிடம் முன்னால். ஐந்தே முக்காலுக்கு நீங்கள் அந்த மூலையில் நிற்க வேண்டும். வெளிச்சம் பிரியும் அந்த கால் மணி நேரத்தில்தான் ஆறுமணிக்குருவி குரல் கொடுக்கும். தெளிவான இரண்டு சீழ்க்கை, முதலாவது மேலே ஏறி இரண்டாவது இறங்கும்: ‘வீட்... ட்யூ’. சில முறை கூப்பிட்டுவிட்டு அடங்கிவிடும். மாலையிலும் அதே நேரம் அதே குரல். பெயர் வந்ததும் அப்படித்தான். பொன்னுத்தொட்டான் என்றும் இதைச் சொல்வார்கள். ஏழரைக்குப் போகும் உங்களுக்கு அது கேட்க வாய்ப்பே இல்லை. அதற்குள் நூறு பேர் நடந்து, நாலு பேர் சிரிப்புப் பயிற்சி செய்து, ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டும் தொடங்கியிருக்கும். தரையில் மேயும் பறவை புதருக்குள் போய்விடும். ஆறேகாலிலிருந்து ஏழு, ஏழேகால்வரை தரையைப் பாருங்கள். அதன்பின் வெயில் மரத்தின் உச்சியைத் தொடும்போது பூச்சிகள் எழும். அப்போது கண்ணை மேலே கொண்டுபோங்கள், கதிர்க்குருவியும் ஈப்பிடிப்பானும் மாங்குயிலும் அங்கேதான். ஒன்பது மணிக்கு மேல் தகைவிலானும் பஞ்சுருட்டானும் பறக்கும் வானம்தான் மிச்சம். டிக்கெட் வாங்கி நுழையும் பூங்காக்களில் சில தாமதமாகவே திறக்கும். அவற்றுக்கு மாலை நாலரையிலிருந்து மூடும்வரை போங்கள்.

நிற்க வேண்டும் என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சருகு மூலைக்குப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, முதுகுக்குப் பின்னால் ஒரு மரத்தை வைத்து, இருபது நிமிடம் அசையாமல் நில்லுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டிச் சத்தம் போடும். அது போனபின் ஒரு இலை மட்டும் தனியாகத் துள்ளும். அங்கே பாருங்கள். மைனாவைவிடச் சின்னது, வாலே இல்லாத மாதிரி, நீளக் காலில் நிமிர்ந்து நிற்கும். கண் வழியாகத் தடித்த கருப்புப் பட்டை, முதுகு பச்சை, வயிறு வெளிர் மஞ்சள், அடிவால் சிவப்பு. ஒரு இலையை அலகால் ஓரமாக எறியும், இரண்டு தத்தல் தத்தும், பிறகு கல் போல உறைந்து நிற்கும். இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு நிழலில் எப்படி மறைகிறது என்று ஆச்சரியமாக இருக்கும். அசைந்தால்தான் தெரியும். ஆகவே உருவத்தைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள். இதுவும் அயல்நாட்டு விருந்தாளி இல்லை. இமய அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வருகிறது.

கொடிக்கால் வாலாட்டியை அடையாளம் காண்பது இன்னும் சுலபம். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பின்னுடம்போடு சேர்த்து இடமும் வலமுமாக அசைக்கும். மார்பில் இரண்டு கருப்புப் பட்டை, இறக்கையில் வெளிறிய கோடுகள். விரட்டினால் வெட்டவெளிக்கு ஓடாது. ‘பிங்க்’ என்று ஒற்றைக் குரல் கொடுத்துவிட்டுத் தாழ்ந்த கிளையில் ஏறி, கிளைமேலேயே நடக்கும். நீங்கள் அசையாமல் இருந்தால் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும்.

பழுப்புக் கீச்சான் தலைகீழ்: ஒளியாது. புல்வெளி ஓரத்து வேலியிலோ தாழ்ந்த கிளை நுனியிலோ உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருக்கும். பழுப்பு உச்சி, கொள்ளைக்காரன் முகமூடி போல் கருப்புக் கண்பட்டை, பெரிய தலை. விடிந்ததும் பொழுது சாயும்போதும் கரகரவென்று திட்டும். வந்த சில நாளில் ஒரு எல்லையைப் பிடித்துக்கொண்டு வசந்தம்வரை காக்கும். போன ஆண்டு இருந்த அதே வேலிக்கு இந்த ஆண்டும் திரும்புவது இந்த இனத்தில் நன்கு பதிவான பழக்கம். அதனால் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வது வழக்கம். ஒருமுறை கிடைத்தால் ஏப்ரல்வரை அதே இடத்தில் பார்த்துப் பழகலாம்.

பழுப்பு ஈப்பிடிப்பானுக்கும் ஒரு பழக்கம் உண்டு. இலை குறைந்த நடுக்கிளையில் உட்காரும், பாய்ந்து ஒரு பூச்சியைப் பிடிக்கும், அதே கிளைக்குத் திரும்பும். பறந்துவிட்டதே என்று நகர்ந்துவிடாதீர்கள். பைனாகுலரை அந்தக் கிளையிலேயே வைத்திருங்கள். பெரிய கண், அதைச் சுற்றி வெள்ளை வளையம், கருத்த கால். கால் வெளிறியும் கீழலகு மஞ்சளாகவும் மார்பு பழுப்பாகவும் இருந்தால் பழுப்புமார்பு ஈப்பிடிப்பானா என்று இன்னொருமுறை பார்க்க வேண்டும். காலைப் பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள்.

கதிர்க்குருவிகளுக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். புதருக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவது போல் ‘டக்... டக்’ என்று நிதானமாக வந்தால் நாணல் கதிர்க்குருவி. பெயர்தான் நாணல்; நம் ஊரில் செம்பருத்தி வேலியே போதும். தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியிலிருந்து ‘சிவீ’ என்று இரண்டு அசையில் திரும்பத் திரும்பக் கேட்டால் பச்சைக் கதிர்க்குருவியாக இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. குரல் கேட்காமல், உச்சியில் எதிர்வெயிலில் அரை விநாடி பார்த்த இலைக் கதிர்க்குருவிக்குப் பெயர் வைக்க யாராலும் முடியாது. ‘இலைக் கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை’ என்று எழுதிவையுங்கள். அது தோல்வி இல்லை, நேர்மையான பதிவு. அரசவால் ஈப்பிடிப்பானிலும் இப்படி ஒரு சறுக்கல்: செந்நிறம், நீண்ட வால் இல்லை, ஆகவே பெண் என்று எழுதிவிடுவார்கள். இளம் ஆணும் செந்நிறம்தான், அதற்கும் வால் நீண்டிராது. செந்தலைப் பூங்குருவியில் மட்டும் ஓர் ஆறுதல் உண்டு: கன்னத்தில் இரண்டு கருங்கோடும் வெள்ளைத் தொண்டையும் இருந்தால் தீபகற்பத்து வகை, முகம் முழுக்க ஆரஞ்சாக இருந்தால் இமயத்திலிருந்து இறங்கி வந்தது.

உள்ளூர்க்காரர்களை வலசைப் பறவை என்று நினைத்து ஏமாறுவதும் நிறைய நடக்கிறது. புள்ளி புள்ளியாக இருக்கும் பெண் குயில், இந்த மாதங்களில் மங்கிய பச்சை மஞ்சளாகத் திரியும் மாம்பழச்சிட்டு, ஓயாமல் கத்தும் தையல்சிட்டு மூன்றும் முதல் குற்றவாளிகள். நாலாவது குற்றவாளி பறவையே இல்லை, அணில். ‘ச்சிக் ச்சிக்’ என்று அரை மணி நேரம் விடாமல் கேட்கும் குரலைத் தேடிக் கழுத்து வலித்தவர்கள் அநேகம். ஆனால் அணிலுக்கு நன்றியும் சொல்ல வேண்டும். அது கத்தினால் பூனையோ வல்லூறோ பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் என்ற அலைபேசிச் செயலி உதவும், ஆனால் பஸ் ஹாரனும் அணிலும் கலந்த பூங்காவில் அது சொல்லும் பெயரை ‘தேடிப் பார்’ என்ற குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலைப் போலவே கத்தும். செயலி என்ன, பழகிய காதுகூட ஏமாறும்.

பைனாகுலர் 10x50 என்று எழுதியிருக்கிறீர்கள் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில்). பூங்காவுக்கு அது சரியான தேர்வு இல்லை. பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். பார்வைப் பரப்பு குறுகும். பல மாடல்களில் நாலைந்து மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. 8x42 அல்லது 8x30, இரண்டு மூன்று மீட்டர் நெருக்கத்துக்குக் குவியக்கூடியது போதும். இருப்பதை வைத்தே பழகலாம், ஆனால் முதலில் உங்கள் கண்ணுக்கு அதைப் பொருத்துங்கள். வலது பக்க லென்ஸைக் கையால் மூடி, தூரத்து எழுத்துப் பலகை ஒன்றை நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழலில் உள்ள வளையத்தைத் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தைக் குறித்துவையுங்கள். இனி நடுச் சக்கரம் மட்டும்தான். கண்ணாடி போடுபவரானால் கண்ணை வைக்கும் பக்கத்து ரப்பர் விளிம்புகளைக் கீழே இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் சின்ன வட்டம்தான் தெரியும். பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைப் பார்க்காதீர்கள். பார்வையை அதன்மேலேயே நிறுத்தி, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஏசி அறையிலிருந்து நேராக எடுத்து வந்தால் லென்ஸ் பனித்து இருபது நிமிடம் வீணாகும். முந்தின இரவே ஹாலில் வைத்துவிடுங்கள். மழை மாதங்களில் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால் சென்னை ஈரத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பிடித்தால் சுத்தம் செய்யும் செலவில் புதிதே வாங்கிவிடலாம்.

வானிலையையும் கணக்கில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் பறப்பதால், நடுவழியில் மழையில் மாட்டியவை கிடைத்த மரத்தில் இறங்கும். இரவில் மழை கொட்டி, காலையில் வெளுத்த நாளைத் தவறவிடாதீர்கள். அப்படிப்பட்ட காலையிலோ மாலையிலோ ஈசல் கிளம்பினால் நடப்பதையெல்லாம் நிறுத்திவிட்டு அங்கேயே நில்லுங்கள். கரிச்சான், பஞ்சுருட்டான், தகைவிலான், ஈப்பிடிப்பான் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிடும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: அக்டோபரில் பார்த்த ஆறுமணிக்குருவி நவம்பரில் அதே மூலையில் இல்லாவிட்டால், அது தெற்கே போயிற்றா, குரல் கொடுக்காமல் இங்கேயே இருக்கிறதா என்று, காலில் அடையாள வளையம் மாட்டாத பறவையை வைத்துச் சொல்ல முடியாது.

அலைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் இப்போது பரவிவிட்டது. வேண்டாம். பறந்து களைத்து வந்த பறவை இல்லாத எதிரியைத் தேடி மேயும் நேரத்தை இழக்கும். பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் ஈபேர்டு இணையதளத்தில் பதிவிடுவதானால் தொடங்கிய நேரம், நின்ற நிமிடம், நடந்த தூரம், பார்த்த எல்லா இனமும், காகம் உட்பட, எழுதுங்கள். ‘முழுப் பட்டியல்’ என்று குறித்தால்தான் பார்க்காதவற்றுக்கும் பொருள் உண்டாகும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் இருக்கிறது. ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் வரும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அக்டோபரில் ஆறுமணிக்குருவி கண்ணாடிச் சன்னலில் மோதியோ களைத்தோ மாடிப்படியிலும் பால்கனியிலும் விழுந்து கிடப்பது சென்னையில் அடிக்கடி நடக்கும். மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துண்டு விரித்து வையுங்கள். இருட்டாக, அமைதியாக, ஃபேன் காற்றும் குழந்தைகளும் இல்லாத இடத்தில். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அரிசி, பிஸ்கட் எதுவும் வேண்டாம், அது பூச்சி தின்னும் பறவை. ஒரு மணி நேரம் கழித்து, பூனை இல்லாத மரநிழலில் பெட்டியைத் திறந்து வையுங்கள். தேறியிருந்தால் தானே போய்விடும். இறக்கை தொங்கினாலோ, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் நிற்க முடியாவிட்டாலோ வனத்துறையைக் கூப்பிடுங்கள்.